கயிறு வந்த இடம்

வழி கேட்பது தொழிலுக்கே இழுக்கு என்று நினைக்கிற ஆள் ரூட்டண்ணன். லாரி ஓட்டிய காலம் முழுக்க, தெரியாத ஊரில் தெரியாத தெருவில் மாட்டிக்கொண்டால் டீசல் தீரும் வரை சுற்றுவாரே தவிர, கண்ணாடியை இறக்கி ஒருத்தரிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். "டிரைவர் வழி கேட்டா வண்டிக்கு மரியாதை போயிடும்" என்பார். அதனால்தான் அவருக்கு அந்தப் பேர். கேலியாக வைத்தார்களா, மரியாதையாக வைத்தார்களா என்பது அவருக்குத் தெரியாது. அதையும் யாரிடமாவது கேட்டால்தானே தெரியும்.

அப்பேர்ப்பட்டவர் இப்போது லாரி இல்லாமல், இரண்டு கால்களை மட்டும் நம்பி, மனைவியையும் மனைவியின் தம்பியையும் பின்னால் விட்டுக்கொண்டு, பெருநகரத்துக் கோயிலுக்கு நடந்துகொண்டிருந்தார். வீட்டை விட்டுக் கிளம்பி வாரக்கணக்காகிவிட்டது. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கூட நடந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து ரூட்டண்ணனின் நடை மெதுவாகிவிட்டது.

நடையிலும் டிரைவர் புத்தி போகவில்லை. எதிரில் ஓர் ஆடு வந்தாலும் கையை நீட்டி சிக்னல் காட்டித்தான் ஒதுங்குவார். உட்காருகிற இடத்தில் எல்லாம் கைத்தடியால் மூன்று பேர் செருப்பையும் தட்டிப் பார்ப்பார். "மாப்ள, உன் இடது பின்பக்கம் தேஞ்சிருக்கு. பையை வலது தோளுக்கு மாத்து" என்பார். மாப்பிள்ளை டெய்லர். தையல் மெஷினுக்கும் டீக்கடைக்கும் நடுவே நடந்ததுதான் அவர் வாழ்நாளில் நடந்த நடை. மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று அக்கா இழுத்து வந்துவிட்டாள். "எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது" என்று ஒவ்வொரு மைல்கல்லிலும் உட்கார்ந்து சொல்வார். சொல்லிவிட்டு எழுந்து நடப்பார்.

வேண்டுதல் மனைவியுடையது. அவள் கோழி வளர்த்து முட்டை விற்கிறவள். ஒவ்வொரு முட்டையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளே நல்லதா கெட்டதா என்று பார்த்துத்தான் தட்டில் வைப்பாள். வாய் வார்த்தையும் அப்படித்தான், அளந்துதான் வரும். போன மழைக்காலத்தில் லாரி பள்ளத்தில் கவிழ்ந்து, கண்ணாடி நொறுங்கி, ரூட்டண்ணனின் தோள்பட்டை எலும்பு விட்டுப்போனது. ஆனால் கையில் அவள் கட்டிவிட்ட சிவப்புக் கயிறு ஓர் இழைகூடப் பிரியாமல் இருந்தது. அவர் பெருநகரத்துக் கோயிலிலிருந்து ஒவ்வொரு தடவையும் கொண்டுவருகிற கயிறு அது. ஆளைக் காப்பாற்றியது அதுதான் என்று அவள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முடிவுகட்டிவிட்டாள். அதை அவிழ்த்துப் போடுவதற்குத்தான் இத்தனை நடை.

சிக்கல் என்னவென்றால், ரூட்டண்ணன் அந்தக் கோயிலுக்குப் போனதே இல்லை.

பகலில் லாரிகளை நகரத்துக்குள் விடுவதில்லை. வெளியே குடோனில் சரக்கை இறக்கிவிட்டு, வண்டிக்கு அடியில் ஒரு தூக்கம் போட்டு, அப்படியே திரும்பிவிடுவார். கல்யாணமான புதிதில், "அவ்வளவு தூரம் போயிட்டு கோயிலுக்குப் போகாமலா வந்தீங்க?" என்று அவள் கேட்டாள். கேட்கும்போது அவள் முகம் இருந்த இருப்பைப் பார்த்து, போகவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. "போகாம வருவேனா" என்று சொல்லிவிட்டார். அடுத்த தடவை அத்தாட்சிக்கு, குடோன் வாசல் டீக்கடையில் தொங்கிய கயிற்றில் ஒன்றை வாங்கிப் போனார். அதற்கடுத்த தடவை அவர் சொன்ன கோயிலில் பன்னிரண்டு படி வந்தது. பிறகு ஆள் உயர மணி வந்தது. தோள் உயரத்துக்குப் பித்தளை விளக்கு வந்தது. தன்னைக் கண்டதும் "வாங்க டிரைவர்" என்று கூப்பிடுகிற பூசாரியும் வந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் கதைதான். இவர் இருபத்தைந்து வருஷமாக மறைத்திருக்கிறார், சோறும் தீரவில்லை.

அவளோ அதை அத்தனையையும் தெருவில் சொன்னாள். கயிற்றையும் கொடுத்தாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், பேறுகாலத்துப் பெண்கள், வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் என்று தெருவில் பாதிப் பேர் கையில் அந்தக் கயிறுதான். படியும் மணியும் இல்லாத ஒரு கோயிலை அவள் கண்ணால் பார்த்துவிட்டால், தன் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது? கிளம்பின நாளிலிருந்து ரூட்டண்ணனை அரித்தது இதுதான். முட்டிவலி என்று சொல்லிப் பார்த்தார். அவள் எண்ணெய் போட்டு நீவிவிட்டாள்.

அன்றைக்குக் காலையில் சாரல் அடித்து ஓய்ந்திருந்தது. நகரத்துக்கு வெளியே சாலை இரண்டாகப் பிரிந்தது. நடந்து வந்த கூட்டம் முழுக்க நேராகப் போனது. ரூட்டண்ணன் இடது கையை நீட்டி சிக்னல் காட்டி இடப்பக்கம் திரும்பினார். யோசித்துத் திரும்பவில்லை, கால் தானாகத் திரும்பியது.

"ஏங்க, எல்லாரும் நேராப் போறாங்க" என்றாள் மனைவி.

"வழி தெரியாதவங்க நேராத்தான் போவாங்க."

"அவங்களும் கோயிலுக்குத்தானே போறாங்க?"

"கோயிலுக்குத்தான். ஆனா அது சுத்து. இது நம்ம ரோடு. என் கண்ணைக் கட்டிவிடு, அப்படியே போய் நிப்பேன்."

வெயில் ஏறியது. சாலை அகலமாக, நிழலே இல்லாமல், லேசாக வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மேலே புழுதியை அப்பிவிட்டுப் போயின. அவித்த முட்டையும் ரொட்டியும் தின்றுவிட்டு மறுபடி நடந்தார்கள். டெய்லர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"மாமா, ஒண்ணு கேக்கவா?"

"கேளு. வழி மட்டும் கேக்காத."

"அதோ, உச்சியில கம்பி வச்ச கட்டடம் தெரியுதே. காலையில அது நம்ம வலது கைப்பக்கம் இருந்துச்சு."

"ஆமா, அதுக்கென்ன?"

"இப்பவும் வலது கைப்பக்கம்தான் இருக்கு. நாமளும் அதுகிட்ட போகல, அதுவும் நம்மகிட்ட வரல."

"பெரிய ஊர் அப்படித்தான் மாப்ள தெரியும். கிட்ட இருக்கிற மாதிரி இருக்கும், போகப் போகத் தள்ளிப் போகும்."

"அது சரி. ஆனா சட்டைக்குக் கழுத்து வெட்டும்போது கத்திரி இப்படித்தான் மாமா சுத்தி வரும். நடுத்துணிக்குள்ள கடைசி வரைக்கும் போகாது."

"உன் கத்திரியை வச்சு என் ரோட்டை அளக்காத."

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தாள். "ஏங்க, தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த ரோட்டுல நம்மளைத் தவிர நடக்கிற மனுசங்க ஒருத்தரும் இல்ல. எல்லாம் லாரியா வருது. லாரியெல்லாம் கோயிலுக்கா போகுது?"

அப்போதுதான் ரூட்டண்ணனுக்கு உறைத்தது. கேபின் உயரத்திலிருந்து பார்த்துப் பழகிய ரோடு, தரையில் நின்று பார்க்கும்போது ஆளே மாறித் தெரிந்திருக்கிறது. இது லாரிகளை நகரத்துக்குள் விடாமல் வெளியிலேயே சுற்றி அனுப்புகிற ரோடு. அவருக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். இது எங்கே போய் முடியும் என்பதும் தெரியும். நினைத்து முடிப்பதற்குள் வளைவு திரும்பியது. நீலத் தகரக் கூரை போட்ட குடோன்கள், லாரியை ஏற்றி எடை போடும் மேடை, அதற்குப் பக்கத்தில் அந்த டீக்கடை.

"இந்தா, கொஞ்சம் திரும்பி நடப்போமா?" என்றார். "பின்னாடி ஒரு குறுக்கு வழியைப் பார்த்த ஞாபகம்."

"பாதம் எரியுது. ஒரு டீ குடிச்சிட்டுக் குறுக்கால போவோம், நெடுக்கால போவோம்" என்று சொல்லிக்கொண்டே அவள் கடைக்குள் போய்விட்டாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? ரூட்டண்ணனும் போனார்.

பால் பொங்குகிற சட்டியிலிருந்து டீக்கடைக்காரம்மா நிமிர்ந்தாள். "அட, ரூட்டண்ணனா. ஆளையே காணோம். வண்டி எங்க?"

"வண்டி இல்ல. நடந்து வந்தேன்."

"லைசென்ஸைப் புடுங்கிட்டாங்களா?"

"கோயிலுக்கு நடந்து போறோம்" என்று மனைவி இடையில் புகுந்தாள். "நான் இவரு வீட்டுக்காரி. இவன் என் தம்பி. இவரு இந்தக் கோயிலுக்கு அடிக்கடி வர்றவருதான்."

ரூட்டண்ணன் கண்ணாலேயே கெஞ்சினார். அந்தம்மாவுக்குப் பாலைப் பார்க்கவே கண் போதவில்லை. "அக்காவா நீங்க? வாங்க, உக்காருங்க. கொடுத்துவிட்ட கயிறெல்லாம் தீந்துபோச்சா? தெருவுக்கே கட்டுறீங்களாமே. அண்ணன் கொத்தாத்தான் வாங்குவாரு." பிஸ்கட் பாக்கெட்டுகளுக்கும் சோப்புத்தூள் சரத்துக்கும் நடுவே ஆணியில் தொங்கிய சிவப்புக் கயிறுகளில் ஒரு கொத்தை எடுத்து நீட்டினாள்.

எடைமேடையில் ஒரு லாரி ஏறி இறங்கியது. மனைவி கொத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். டெய்லர் அதில் ஒன்றை உருவி விரலில் உருட்டினார். "சாக்கு தைக்கிற நூல்" என்றார்.

"அதேதான். குடோன்ல மிச்சமாகிற துண்டு. சாயம் போகாது. மூணு இழையாப் பின்னிருவேன்" என்றாள் கடைக்காரம்மா.

"உனக்குத் தெரியுமாடா?" என்று மனைவி தம்பியைக் கேட்டாள்.

"முதல் கயிறுலயே தெரியும்க்கா. நூல் பிடிக்கிற கை இல்லையா. சாமி எந்த நூலை எடுத்தா நமக்கென்ன, உறுதியா இருந்தாச் சரின்னு விட்டுட்டேன்."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற பார்வை. "கோயிலுக்கு எத்தனை தடவை போயிருக்கீங்க?"

"பகல்ல லாரியை உள்ள விட மாட்டாங்க."

"நான் லாரியைக் கேக்கல."

ரூட்டண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஒரு தடவைகூடப் போனதில்ல."

"அப்ப அந்தப் பன்னெண்டு படி?"

"அது நான் சொன்னதுக்கா" என்றாள் கடைக்காரம்மா. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "எல்லா டிரைவரும் கேப்பாங்க. வீட்டுல போய் என்னத்தையாவது சொல்லணுமில்ல? ஆள் உயர மணியும் நான் சொன்னதுதான்."

"நீங்க போயிருக்கீங்களா?"

"நானா? கடையை யார்கிட்ட விட்டுட்டுப் போறது? இங்க டீ குடிக்க வந்த ஒருத்தர் சொன்னாரு."

"அவரு போயிருக்காரா?"

கடைக்காரம்மா யோசித்தாள். "அவரும் லாரிதான்" என்றாள்.

டெய்லருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு அதை இருமலாக மாற்றினார்.

"எதிர்வீட்டுக்காரி மக இதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் புள்ளையப் பெத்தா" என்றாள் மனைவி. "விடவே மாட்டேன்னுட்டா. நான்தான் கட்டிவிட்டேன். நான்தான் கோயில்ல இருந்து வந்ததுன்னு சொன்னேன்."

லாரி கவிழ்ந்தபோதுகூட ரூட்டண்ணன் இப்படிப் பயந்ததில்லை. அப்போது எல்லாம் சட்டென்று முடிந்துவிட்டது. இது முடியாமல் நின்றது.

"முதல் தடவை நீ கேட்டப்ப உன் மூஞ்சியைப் பார்த்துட்டு இல்லைன்னு சொல்ல வரல" என்றார். "அப்புறம் ஒவ்வொரு தடவையும் நான் வண்டியை விட்டு இறங்கும்போதே வாசல்ல நிப்ப. கோயில் எப்படி இருந்துச்சுன்னு கேப்ப. நான் சொல்லச் சொல்லச் சிரிப்ப. இந்தம்மா எட்டுப் படின்னுதான் சொன்னாங்க. நீ சிரிக்கிறேன்னு நாலு படி நான்தான் சேர்த்தேன்."

"எட்டுதான்" என்று கடைக்காரம்மா சாட்சி சொன்னாள்.

மனைவி டீயைக் குடித்து முடித்தாள். பிறகு கடைக்காரம்மாவைக் கேட்டாள். "இதைப் பின்னும்போது எதாவது சொல்லிக்குவீங்களா? மந்திரம் கிந்திரம்?"

"மந்திரத்துக்கு நான் எங்க போவேன்? இதைக் கட்டிக்கிறவன் நல்லபடியா வீடு போய்ச் சேரணும்னு நினைச்சுக்குவேன். போய்ச் சேந்தாத்தானேக்கா திரும்பி டீ குடிக்க வருவான்?"

மனைவி மடியில் இருந்த கொத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "கையைக் கொடுங்க" என்றாள் கணவரிடம்.

"எதுக்கு?"

"ஆஸ்பத்திரியில நின்னு நான் என்ன வேண்டினேன் தெரியுமா? இந்தக் கயிறு எங்க இருந்து வந்துச்சோ, அந்த இடத்துக்கே நடந்து வந்து என் கையாலயே அவுத்துப் போடுறேன்னு வேண்டினேன். அளந்துதான் சொன்னேன். அந்த இடம் இதுதானே?"

முடிச்சு வேர்வையில் இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தாள். ஆணியில் மாட்டினாள். கடைக்காரம்மாவைப் பார்த்துக் கும்பிட்டாள். டீ வடிகட்டியைப் பிடித்த கையோடு கடைக்காரம்மாவும் திருப்பிக் கும்பிட்டாள்.

"அப்ப முடிஞ்சுதாக்கா?" டெய்லர் மூட்டையை எடுத்துவிட்டார். "பஸ் ஏறிடலாமா?"

"என் வேண்டுதல் முடிஞ்சுது. இவரு இனிமேத்தான் நடக்கணும். இத்தனை வருஷமா போனேன் போனேன்னு சொன்னாரில்ல, இன்னைக்குப் போகட்டும். வழி கேட்டுப் போகட்டும். நாம பின்னாடி போவோம். நான் ஒருத்தர்கிட்டயும் கேக்க மாட்டேன். நீயும் வாயைத் திறக்காத."

நகரத்துக்குள் நுழைந்த முதல் சந்திப்பில் ரூட்டண்ணன் டிராஃபிக் போலீஸ்காரர் முன்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். "சார், இது ஒன்வேயா?"

போலீஸ்காரர் அவர் காலைப் பார்த்தார், பிறகு மூஞ்சியைப் பார்த்தார். "நடக்கிறவனுக்கு என்னய்யா ஒன்வே? ஓரமாப் போ."

அசடு வழியத் திரும்பி வந்தார். மனைவி ஒரு கடை நிழலில் நின்றுகொண்டு வேறு பக்கம் பார்த்தாள். பாத்திரக்கடை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, அதே பாத்திரக்கடை மறுபடியும் வந்தது. மூன்றாம் முறை வந்தபோது கடைக்காரரே வாசலுக்கு வந்து பார்த்தார். வேறு வழியில்லாமல், காய்கறிப் பையோடு எதிரில் வந்த ஒரு பெண்ணை ரூட்டண்ணன் மறித்தார்.

"அம்மா, வந்து, கோயிலுக்கு எப்படிப் போகணும்?"

கேட்டேவிட்டார். வானம் இடிந்து விழவில்லை. அந்தப் பெண் வழி சொன்னதோடு நிற்காமல், தெருமுனை வரை கூடவே நடந்து வந்து காட்டினாள். இந்தக் காலத்தில் யார் வாயைத் திறந்து வழி கேட்கிறார்கள், எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டே போய் முட்டிக்கொள்கிறார்கள் என்று வழி முழுக்க அலுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ரூட்டண்ணனைப் பிடிக்க முடியவில்லை. செருப்புத் தைக்கிறவரிடம் கேட்டார். அவர் சொன்னது சரிதானா என்று பழக்கடையில் கேட்டார்.

"மாமா, எதிர்லயே போர்டு இருக்கு" என்றார் டெய்லர்.

"இருக்கட்டும் மாப்ள. ஒரு வார்த்தை கேட்டு வச்சுக்குவோம்."

வெயில் சாய்ந்தபோது கோயில் வந்தது. ஒரு சந்துக்குள், மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஒடுங்கி நின்றது. படி மூன்று. மணி, சின்னப் பிள்ளை எட்டி அடிக்கிற உயரத்தில், தேங்காய் அளவு. விளக்கு முழங்கால் உயரம் இருந்தால் அதிகம். பூசாரி ரூட்டண்ணனை ஏறிட்டுப் பார்த்து, "செருப்பை அந்தப் பக்கம் விடுங்க" என்றார்.

உள்ளே போய்க் கண்ணை மூடி நின்றவருக்கு எதையும் கேட்கத் தோன்றவில்லை. அன்றைக்குக் கேட்டது போதும் என்று இருந்தது. "வந்துட்டேன்" என்று மட்டும் மனசுக்குள் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்து மூன்று பேரும் படியில் உட்கார்ந்தார்கள். மனைவி மணியைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், பல் ஆஸ்பத்திரி வாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னது இதைவிட நல்லா இருந்துச்சு" என்றாள்.

ரூட்டண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நேரம் பார்த்து டெய்லரின் போன் அடித்தது. "எதிர்வீட்டக்கா" என்று சொல்லி அவர் போனை அக்காவிடம் கொடுத்தார். போனை அவள் காதில் வைக்கும் முன்பே அந்தப் பக்கத்துக் குரல் படியில் இருந்த மூன்று பேருக்கும் கேட்டது. "போய்ச் சேந்துட்டீங்களா? கோயில் எப்படி இருக்கு? பேரனை மடியில வச்சுக்கிட்டுத்தான் பேசுறேன். மக கையில இருந்த கயித்தை இவனுக்கு மாத்திக் கட்டினோமில்ல, இன்னும் அவுக்கல, அப்படியே இருக்கு அவன் கையில."

மனைவி கணவரைப் பார்த்தாள். ரூட்டண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டோம்" என்றாள் அவள் போனில். "அந்தப் பன்னெண்டு படியையும் ஏறுறதுக்குள்ள மூச்சு வாங்கிடுச்சு. மணியா? ஆள் உயரம்தான். அடிச்சாக் காது அடைக்குது. பூசாரி இவரைப் பார்த்ததுமே வாங்க டிரைவர்னு எந்திரிச்சுட்டாரு."

பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு கணவர் பக்கம் சாய்ந்தாள்.

"அந்த விளக்கு எவ்வளவு உயரம்னு சொன்னீங்க?"

"என் தோள் உயரம்" என்றார் ரூட்டண்ணன்.

"அவரு தலைக்கும் மேல இருக்குக்கா" என்று போனில் சொல்லிவிட்டு, இருந்த மூன்று படிகளில் நடுப்படியில் அவள் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.